ஓடைக்காடும் அதன் ஓரத்துத் தேயிலையும்

எதையாவது கொல்லாமல் எங்கள் வேலைநாள் முடிந்ததில்லை. தொண்ணூறுகளில், இலங்கையின் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மருந்தடிக்கும் ஆட்களில் நானும் ஒருவன். விடிந்ததும் பெரட்டுக்களத்தில் கூடி, அன்றைக்கு யாருக்கு எந்த மலையில் வேலை என்று கேட்டுக்கொள்வோம். பிறகு மருந்துக் கேனை முதுகில் கட்டிக்கொண்டு ஏறுவோம். நாங்கள் இறங்கி வரும்போது பின்னால் தேயிலையைத் தவிரப் பச்சை எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது. அதுதான் வேலை. புல் ஓரிரு நாளில் மஞ்சளாகிக் கருகும். மண் மொட்டையாகும். மழை வந்தால் அந்த மண் கரைந்து சிவப்பாக ஓடையில் இறங்கும்.

பெரிய மரங்களுக்கு மருந்து போதாது. அடிமரத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் பட்டையை உரித்து விட்டுவிடுவோம். மரம் நின்ற இடத்திலேயே மாதக்கணக்கில் சாகும். முதலில் இலை கொட்டும், பிறகு கிளைகள் ஒவ்வொன்றாக முறிந்து விழும். அப்படி விழுந்த கிளை ஒருமுறை எங்கள் ஆள் ஒருவனின் தொடையைக் கிழித்துப் போட்டது. வேலை முடிந்து கேன்களை ஓடையில்தான் கழுவினோம். கீழே தண்ணீர் தேங்கிய குழியில் மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். நண்டுகள் கல்லுக்கு வெளியே வந்து கால்களை விரித்துக் கிடக்கும். என் விரல் நகங்கள் வெடித்திருந்தன. சில நாட்களில் மூக்கிலிருந்து இரத்தம் வரும். வேலையோடு வருவதுதானே என்று எல்லோரும் இருந்தோம்.

நான் அதிகம் பேசாதவன். பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். வாத்தியார் எழுப்பிக் கேட்டால் தெரிந்த பதிலும் வாயில் வராது. நான் பெண்ணெடுத்த குடும்பத்தில் எல்லோரும் வாய்க்காரர்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் நானும் மனைவியும் அவளுடைய அம்மாவும் இருந்தோம். மனைவியின் அம்மாவை அத்தை என்று கூப்பிடுவேன். அடுத்த காம்பராவில் மனைவியின் அண்ணன், என் மச்சான். அத்தைக்கும் என் மனைவிக்கும் கொழுந்தெடுக்கிற வேலை. மச்சான் கவ்வாத்துக் கூட்டத்தில் இருந்தார். வளர்ந்து முற்றிய தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குவதுதான் கவ்வாத்து. வளைந்த கத்தியால் ஒரு கிளைக்கு ஒரே வீச்சு. மச்சானின் வீச்சு சுத்தமாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். கோபமும் அப்படித்தான். பக்கத்து லயத்து நாய் அவருடைய கோழியைப் பிடித்தபோது, நாயை விட்டுவிட்டு நாய்க்காரனின் கதவைக் கொத்தியவர் அவர்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் தோட்டத்தை நடத்தும் தொரை பெரட்டுக்கு வந்தார். தோட்டம் கம்பனி கைக்குப் போன பிறகு வந்த சிங்களத் தொரை. எங்கள் தமிழை வெட்டி வெட்டிப் பேசுவார்.

"இனிமே ஓடை ரெண்டு பக்கம் மருந்து இல்ல. மரம் வெட்டுறது இல்ல. பேக்டரிக்கு அங்க இருந்து வெறகு இல்ல. காட்டு மரம் நடணும். நம்ம தேயில வாங்குற ஆள் கேக்குது."

"ஏன் சார், வெளிநாட்டுக்காரன் தேயிலயக் குடிக்கப் போறானா, மரத்தத் திங்கப் போறானா?" என்று மச்சான் பின்னாலிருந்து கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தொரையும் கொஞ்சம் சிரித்தார்.

தொரையோடு ஒரு பெண் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் ஏதோ திட்டத்தில் அதிகாரி. நாங்கள் அவரை மிஸ் என்றோம்.

"ஓடைக்கரையிலை நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. கொஞ்ச மரம் நட்டிட்டு விடுங்கோ, மற்றது தன்ர பாட்டிலை வரும். வேர் மண்ணைப் பிடிக்கும், தண்ணி நிக்கும். எங்கட புகையாலை காத்துக்குள்ளை போற கரியையும் மரம் இழுத்து வைச்சிருக்கும்" என்றார்.

அத்தை கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்தபடி, "அப்படின்னா எங்க அடுப்பங்கரைக்குள்ள ஒண்ணு நட்டுக் குடுங்க மிஸ். நாங்க அந்தப் புகையிலதான் கண்ணு அவிஞ்சு கெடக்கோம்" என்றார். மிஸ் தலையாட்டினார்.

அந்த ஓடைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று தொரை கேட்டபோது, கணக்கப்பிள்ளை என்னைக் காட்டினார். மலையில் வேலையைப் பிரித்துக் கொடுத்து மேற்பார்வை பார்ப்பவர் அவர்தான். "இவனப் போடுங்க சார். இவனும் மரமும் ஒண்ணு. ரெண்டும் வாயத் தெறக்காது."

அப்படித்தான் நான் கேனைக் கழற்றி வைத்தேன். எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. யாரும் பக்கத்தில் இல்லை. நாவல், கித்துல், மூங்கில் என்று கிடைத்த கன்றுகளைக் கொண்டுவந்து நட்டேன். மேலேயிருந்து மண் சரிந்து வராமல் கல்லை அடுக்கினேன். நாங்கள் வழக்கமாகச் சாகடிக்கும் புல்லை வெட்டித் தேயிலைக்கு அடியில் பரப்பினேன்.

முதல் வருடம் கடைசியில், நான் காய்ச்சலில் படுத்திருந்த வாரம், கவ்வாத்துக் கூட்டம் ஓடைக்கு மேலிருந்த மலையை வெட்டிக்கொண்டு இறங்கி வந்தது. ஓடைக்கரைக்கு வந்ததும் அவர்கள் நிறுத்தவில்லை. இடுப்பளவுக்கு வளர்ந்திருந்த என் கன்றுகள் அத்தனையையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, சீராகத் தட்டையாக்கி, வெட்டுவாயில் சுண்ணாம்பு கூடப் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது அது தேயிலை மலை மாதிரியே இருந்தது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. முழங்காலுக்கு மேல் கிளை விட்டு நிற்கும் செடியைப் பார்த்தால் அவர்களுடைய கை சும்மா இருக்காது.

"காடாட்டம் கெடந்துச்சு மாப்ள. முடி வெட்டி விட்டோம்" என்றார் மச்சான்.

"அது காடுதான் மச்சான்" என்றேன். அதற்குள் அவர் போய்விட்டார்.

கன்றுகளில் பல செத்தன. மிஞ்சியவை வெட்டின இடத்திலிருந்து நாலைந்து கிளையாக வெடித்துக் கிளம்பின. ஒற்றை மரமாக வர வேண்டியது புதராக வந்தது. அந்தப் புதருக்குள் வெயில் இறங்கவில்லை. அடியில் எப்போதும் ஈரம். இரண்டு மூன்று வருடத்தில் அங்கே நான் நடாதவை எல்லாம் முளைத்தன. பறவை எச்சத்தில் வந்தவையாக இருக்கும். காட்டுப்பன்றி வந்து மண்ணைக் கிளறியது. மீன் திரும்பியது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஓடையிலிருந்து எங்கள் லயத்துக்கு வரும் குழாயான பீலியில் தண்ணீர் நின்றுபோவது வழக்கம். பெண்கள் குடத்தோடு தோட்டத்தின் அடுத்த டிவிசனுக்கு நடந்து, அங்கே உள்ளவர்களோடு மல்லுக்கட்டி, சில நாள் மயிரைப் பிடித்துச் சண்டை போட்டுத் தண்ணீர் கொண்டுவருவார்கள். என் மனைவியின் நெற்றியில் குடம் பட்ட தழும்பு உண்டு. அந்த வருடங்களில் பீலி நிற்கவில்லை. நூல் போலவாவது ஒழுகிக்கொண்டிருந்தது.

குளவியும் வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம், நாங்கள் பட்டை உரிக்காததால் தப்பியிருந்த ஓர் உயரமான வாகையின் உச்சிக் கிளைகளில் கறுப்புக் கறுப்பாக, முறம் அளவுக்குத் தொங்கியது. எங்கள் ஆட்கள் குளவி என்று சொல்வது பெரிய மலைத்தேனீயைத்தான். பத்துப் பதினைந்து ஒரே நேரத்தில் கொட்டினால் ஆள் சுருண்டு விழுவான். நான் ஓடையோரத்து நிரைகளின் தலைப்பில் சிவப்புத் துணி கட்டினேன். கணக்கப்பிள்ளையிடமும் போய்ச் சொன்னேன்.

"கொழுந்து முத்திக்கிட்டுப் போகுது. அது பாட்டுக்கு அது இருக்கு. நம்ம பாட்டுக்கு நாம எடுப்போம்" என்றார்.

பல மாதம் அப்படித்தான் போயிற்று. பெண்கள் வாகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, பேச்சைக் குறைத்துக்கொண்டு கொழுந்தெடுத்தார்கள்.

அன்றைக்குக் காற்று பலமாக இருந்தது. நான் ஓடைக்குள் கல் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பருந்து வாகையின் உச்சியில் மோதுவதைப் பார்த்தேன். தேனடையில் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு அது பறந்தது. அடுத்த நிமிடம் மரமே சத்தம் போட்டது. கறுப்பாக ஒரு போர்வை மரத்திலிருந்து அவிழ்ந்து இறங்கித் தேயிலை மேல் விழுந்த மாதிரி இருந்தது.

குளவி கலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். கூடையைக் கழற்றி எறிய வேண்டும். இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்கை உருவித் தலையோடு மூடிக்கொண்டு தேயிலைக்கு அடியில் புகுந்து குப்புறக் கிடக்க வேண்டும். அசையக் கூடாது. என் மனைவி அப்படித்தான் விழுந்தாள். மற்றவர்களும் விழுந்தார்கள். மூடாத காலிலும் கழுத்திலும் கொட்டக் கொட்ட, தேயிலைக்கு அடியிலிருந்து ஓலம் வந்தது.

அத்தை மட்டும் ஓடினார். அவர் கூடையைக் கழற்றவில்லை. நிறுக்காத கொழுந்தை மலையில் விட்டு வந்த பழக்கம் அவருக்கு இல்லை. கொழுந்து நிறுக்கும் மடுவம் மேலே ரோட்டோரத்தில் இருந்தது. கயிறு தலையில் இறுக, நிறைந்த கூடை முதுகில் ஆட, அவர் மடுவத்தைப் பார்த்து ஏறினார். குளவி கூடைக் கொழுந்துக்குள் இறங்கிவிட்டது. அவர் ஓட ஓட, அதுவும் முதுகிலேயே கூட ஓடியது. கையால் முகத்தில் அடித்துக்கொண்டார். அடித்த கைக்கடியில் நசுங்கியதன் வாடைக்கு இன்னும் வந்தது.

நான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறினேன். என்னையும் கொட்டியது. உதடு, இமை, காதுக்குள். அவரை எட்டியபோது மண்டியிட்டுக் கிடந்தார். கத்தியால் கயிற்றை அறுத்துக் கூடையைத் தள்ளினேன். அது கவிழ்ந்து உருண்டது. கொட்டிய கொழுந்து பச்சையாக இல்லை, கறுப்பாக ஊர்ந்தது. அத்தையின் முகம் எங்கே கண் எங்கே மூக்கு என்று தெரியாதபடி ஆகியிருந்தது. தலைமயிருக்குள் விரலை விட்டால் கொடுக்குகள் முள்ளாகக் குத்தின. நான் அவர் மேல் படுத்துக்கொண்டேன். அவர் ஏதோ சொன்னார். "கொழுந்து" என்பது மட்டும் விளங்கியது.

கொழுந்து லொறியில்தான் எல்லோரையும் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். வளைவுக்கு வளைவு பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து வாந்தி எடுத்தார்கள். பதுளைக்கு இறங்கும் முன்பே அத்தையின் மூச்சு நின்றுவிட்டது. என் மனைவி பக்கத்திலேயே இருந்தாள். கண் இரண்டும் வீங்கி மூடியிருந்ததால் அவளுக்கு அது தெரியவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

சாவு வீட்டுக்கு அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தோம். முகம் இன்னும் வடியவில்லை. என்னைப் பார்த்துவிட்டு அம்மாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். பறையடிக்கிறவர்கள் நிறுத்தி மூச்சு வாங்கிய நேரம், மச்சான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் காதோடு சேர்த்து அறைந்தார். குளவி கொட்டி வீங்கிய இடம். கண்ணில் நெருப்புப் பறந்தது. விழுந்தவனை வயிற்றில் மிதித்தார்.

"ஒன் காடு எங்கம்மாவத் தின்னுருச்சு. நீ வளத்த காடுடா. குடும்பத்துல பொண்ணெடுத்தவன் செய்யிற வேலையாடா இது?"

யாரும் பிடிக்கவில்லை. பிடிக்க நினைத்தவர்களும் அம்மாவை இழந்தவன் அடிக்கட்டும் என்று நின்றிருப்பார்கள். நான் எழுந்து உட்கார்ந்தபோது, என் மனைவி அம்மாவின் தலைமாட்டில் அப்படியே இருந்தாள். அவள் என் பக்கம் திரும்பவில்லை. காடு போனால் போகட்டும், அவள் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்று அப்போது நினைத்தேன். ஆனால் காட்டையும் விட மனம் வரவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று தோன்றியது.

அத்தையை அடக்கம் பண்ணிய மறுநாள் காலையில், மச்சானும் ஏழெட்டு ஆண்களும் மண்ணெண்ணெய்க் கேனும் கோடாலியுமாக ஓடைக்கு இறங்கினார்கள். நீண்ட மூங்கிலின் நுனியில் சாக்கைச் சுற்றி எண்ணெயில் நனைத்திருந்தார்கள். நான் முன்னாலேயே போய் ஓடைக்கல்லில் நின்றேன்.

"மச்சான், காத்து அடிக்குது. தேயிலைக்கு ஏறிரும்" என்றேன்.

"வெலகுடா."

"குளவிய மட்டும் கொல்லுங்க மச்சான். மரம் என்ன பண்ணுச்சு."

அவர் கவ்வாத்துக் கத்தியைத் திருப்பி, அதன் முதுகால் என் தோளில் அடித்தார். எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் ஓடைத் தண்ணீருக்குள் விழுந்தேன். யாரோ என் மேல் மிதித்துக்கொண்டு கடந்தார்கள்.

தீப்பந்தம் வாகையின் உச்சிக்குப் போனது. அடைகள் எரிந்து, தேனும் மெழுகும் நெருப்பாக ஒழுகின. எரிகிற குளவிகள் தணல் மழை மாதிரி கொட்டின. ஒவ்வொன்றும் விழுந்த இடத்தில் காய்ந்த மானாப்புல் பற்றியது. எரியாதவை ஆட்கள் மேல் பாய்ந்தன. கோடாலியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருவன் எண்ணெய்க் கேனைத் தட்டிவிட்டான். அதன் பிறகு ஒரு பக்கக் கரை முழுவதும் ஒரே மூச்சில் எழுந்தது. கூடு கூடாகப் பறவைக் குஞ்சுகள் வெந்தன. ஒரு முள்ளம்பன்றி முதுகில் தீயோடு என் காலுக்குப் பக்கத்தில் தண்ணீரில் விழுந்து துடித்துச் செத்தது. நான் கழுத்தளவுக்கு ஓடையில் கிடந்தேன். தலைக்கு மேல் புகை ஓடியது.

காற்று திரும்பியதும் நெருப்பு நான் சொன்ன மாதிரியே தேயிலைக்கு ஏறியது. எரிக்க வந்தவர்களே அதை அணைக்க ஓடினார்கள். பச்சைக் கிளையால் அடித்துத்தான் அணைக்க வேண்டும். காய்ந்த மலையில் பச்சைக்கு எங்கே போவது? மறுகரையில் மிச்சமிருந்த என் மரங்களின் கிளைகளை மச்சானே ஒடித்து எடுத்து, இருமிக்கொண்டே தேயிலையை அடித்தார். புதர் அடர்ந்து ஈரம் நின்ற அடிப்பகுதிக்கு வந்ததும் தீ சீறிக்கொண்டு நின்றது. அதைத் தாண்டவில்லை. ஒரு கரை சாம்பல், மறுகரை பச்சை என்று அது முடிந்தது.

தேயிலை எரிந்ததற்காகத் தொரை பொலிசுக்குச் சொன்னார். மச்சானைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது அவருடைய உள்ளங்கால்கள் வீங்கியிருந்தன, முன்பல் ஒன்று இல்லை. காம்பராவை விட்டு வெளியே வராமல் படுத்துக் கிடந்தார். நான் தோளில் கட்டோடு இந்தப் பக்கச் சுவரில் சாய்ந்திருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் புரள்வது கேட்கும். என் மனைவி இரண்டு காம்பராவுக்கும் சோறு கொண்டுபோய் வைப்பாள். எங்கள் இரண்டு பேரோடும் அவள் ஒரே அளவாகத்தான் பேசினாள். சோறு, மருந்து, தண்ணி.

எரிந்த வாகைக்கு மேலே பாறைச் சரிவில் மிச்சக் குளவிகள் மறுபடி கட்டத் தொடங்கின. ஒரு காலையில் பெரட்டில் கணக்கப்பிள்ளை அதே ஓடையோரத்து நிரைகளைப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். தோளில் கட்டோடு நானும் ஒரு மூலையில் நின்றிருந்தேன். என் மனைவி பெண்களை விட்டு முன்னால் வந்தாள்.

"அந்த நெரைக்கு நாங்க போக மாட்டோங்க."

"அதுக்குத்தாம்மா தொரை மேல பேசியிருக்காரு. வெளிநாட்டுக்காரன்கிட்ட எதையாவது சொல்லிச் சமாளிச்சுக்கிட்டு, மிச்ச மரத்தையும் பூரா வெட்டிருவோம். மரம் இல்லாட்டிக் குளவி இல்ல. திருப்திதானே?"

பெண்களில் பலர், வெட்டுங்க, வெட்டுங்க என்றார்கள். எனக்கு உடைந்த தோள் வலித்தது. அவளும் அதைத்தான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு அப்படிச் சொல்ல எல்லா நியாயமும் இருந்தது.

"மரத்த வெட்டிட்டா பீலிக்குத் தண்ணி நீங்க கொண்டாருவீங்களா?" என்று கேட்டாள். "ஒங்க வீட்டு அம்மா வந்து எங்களோட கொடத்தத் தூக்கி மண்டைய ஒடச்சுக்குவாங்களா?"

யாரோ ஒரு பெண் சிரித்தாள்.

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

"தேயிலைய எடுத்துருங்க. ஓடையோரத்து நெரை அத்தனையும். மரத்துக்கும் எங்களுக்கும் நடுவுல எடம் வேணும். அது அங்க இருக்கட்டும், நாங்க இங்க இருக்கோம்."

கணக்கப்பிள்ளைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் குரல் ஏறியது. "தேயிலையப் புடுங்கச் சொல்றியா? என்ன பேசுறேன்னு தெரிஞ்சுதான் பேசுறியா? வெள்ளக்காரன் காலத்துத் தேயில அது."

தேயிலைச் செடியில் கை வைப்பது எங்கள் இடத்தில் எப்படிப்பட்ட காரியம் என்பது வெளியாருக்குத் தெரியாது. மாடு ஒரு செடியை மிதித்துவிட்டால் மாட்டுக்காரன் வேலையை இழந்ததுண்டு. பிள்ளைகள் கிளையை ஒடித்தால் பெற்றவர்களே அடிப்பார்கள். ஆனாலும் அடுத்த நாள் என் மனைவி கூடையை எடுக்கவில்லை. மண்வெட்டியையும் அலவாங்கு என்கிற கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள். அன்றைக்குக் குளிர், பாறையில் குளவி அசையாமல் ஒட்டிக்கிடந்தது. குளவி கொட்டின பெண்களில் பாதிப்பேர் அவள் பின்னால் போனார்கள். நானும் போனேன். ஒற்றைக் கையால் கல்லைப் புரட்டுவதைத் தவிர என்னால் வேறொன்றும் முடியவில்லை.

பழைய தேயிலையின் தூர் மனிதன் இடுப்புக் கனத்துக்கு இருக்கும். வேர் பாறைக்குள் போயிருக்கும். பெண்கள் கத்தியால் கிளைகளை வெட்டித் தள்ளினார்கள். தினமும் விரல் பட்டுப் பழகிய கொழுந்து கால்களுக்கடியில் நசுங்கியது. என் மனைவி தன் அம்மா வழக்கமாக நின்ற நிரையில் தொடங்கினாள். அலவாங்கை வேருக்கடியில் இறக்கித் தொங்கினாள். வேர் அறுந்தபோது துணி கிழிகிற மாதிரி சத்தம் வந்தது. அவள் அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் அடித்தாள். யாரைத் திட்டினாள் என்று எனக்குத் தெரியாது. என்னை, அண்ணனை, தொரையை, கூடையைக் கழற்றாத அம்மாவை, எல்லோரையும் சேர்த்தாகவும் இருக்கலாம்.

கணக்கப்பிள்ளை மேலேயிருந்து கத்தினார். வேலைக் கணக்கிலிருந்து பேரை வெட்டுவேன் என்றார், பொலிசைக் கூப்பிடுவேன் என்றார். ஒரு பெண் மண் ஒட்டிய தூரைத் தூக்கி அவர் பக்கம் உருட்டிவிட்டாள். அவர் பின்வாங்கி ரோட்டுக்கு ஏறிவிட்டார்.

அந்தச் சத்தத்தில்தான் மச்சான் வந்தார். நொண்டிக்கொண்டு, கையில் கோடாலியோடு இறங்கி வந்தார். பெண்கள் நிறுத்தினார்கள். மிச்ச மரத்தை வெட்டத்தான் வருகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். நான் என் மனைவிக்கு முன்னால் போய் நின்றேன். அவர் என்னைத் தள்ளவில்லை. சுற்றிக்கொண்டு போனார்.

"அண்ணே" என்றாள் அவள். அலவாங்கை விடவில்லை. "மரத்துல கை வச்சீங்கன்னா நான் அதுக்கு முன்னால நிப்பேன். என்ன வெட்டிட்டு வெட்டுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். அம்மா விழுந்த இடம் எது என்று கேட்டார். நான் காட்டினேன். நிரையின் மேல் முனை. கூடை உருண்டு நின்ற செடியில் அறுந்த கயிற்றின் துண்டு இன்னும் சிக்கியிருந்தது. அவர் அந்தச் செடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோடாலியை ஓங்கி அதன் தூரில் இறக்கினார். சுத்தமான வீச்சாக இல்லை. வீங்கிய கால் ஊன்ற முடியாமல் சாய்ந்து சாய்ந்து வெட்டினார். மரத்தூள் முகத்தில் தெறித்தது. தூர் நாலாகப் பிளக்கும் வரைக்கும் வெட்டினார். பிறகு மண்டியிட்டு வேரைக் கையால் இழுத்தார். நான் ஒற்றைக் கையால் மறுமுனையைப் பிடித்தேன். இரண்டு பேருமாக இழுத்தோம். வேர் விட்டபோது இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தோம்.

எங்களுக்கு அதற்காகச் சம்பளம் வெட்டினார்கள், எச்சரிக்கை கொடுத்தார்கள். சில மாதம் கழித்துத் தேயிலை வாங்குகிறவர்களின் ஆள் பார்க்க வந்தபோது, ஓடையோரத்துக் காட்டை இவ்வளவு அகலமாக விட்டிருப்பது நல்ல வேலை என்று தொரைக்குக் கை கொடுத்தாராம். தொரையும் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டாராம். மிச்ச மரங்களை வெட்டும் பேச்சு அதோடு நின்றது. பிறகு என் மனைவி என்னோடு பழையபடி பேசினாள். எப்போது தொடங்கினாள் என்று சொல்லத் தெரியவில்லை.

மச்சானோடு நான் பேசியது வேரைப் பிடுங்கிய அன்றைக்கு, அந்தக் குழிக்குப் பக்கத்தில்தான். விழுந்த இடத்திலேயே மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தோம். அவர் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல என்ன நடுவீங்க?"

"ஒண்ணும் நட வேணாம் மச்சான். சும்மா விட்டா அதுவா வரும்."

"குளவியும் வருமே."

"வரும்" என்றேன்.

அவர் கோடாலியை ஊன்றி எழுந்து அடுத்த செடிக்குப் போனார்.